படுவான்கரையில் பாலை பழுக்கட்டும்

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனை எல்லை வரையில் ஐம்பது கிலோமீற்றருக்கும் மேலாக நீண்டு கிடக்கின்றது. அதன் கிழக்குக் கரையாகிய எழுவான்கரையிலே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலத்தில், காடு என்று சொல்லத்தக்க ஒரு துண்டும் மிஞ்சாதபடி ஊரோடு ஊர் ஒட்டி ஜனங்கள் நிறைந்திருக்கிறார்கள். மேற்குக் கரையாகிய படுவான்கரையிலோ, வயல்வெளிகளையும் குளங்களையும் மேய்ச்சல் தரைகளையும் கடந்து போகப்போக, உன்னிச்சை, உறுகாமம், புல்லுமலைப் பக்கங்களிலே காடு தொடங்கி, 1983ஆம் ஆண்டில் தேசிய வனமாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட மாதுறு ஓயாவை நோக்கிச் செல்கின்றது. அந்தக் காட்டுக்கும் இந்த வாவிக் கரைக்கும் இடையில் பச்சைப்புறாவும் இருவாட்சியும் பழந்தின்னி வௌவாலும் மரநாயும் மரத்துக்கு மரம் தங்கி, உண்டு, போய்வந்த வழிகள் இன்று துண்டு துண்டாக அறுந்து கிடக்கின்றன. அவ்வழிகளை மறுபடி இணைப்பதற்கு இந்த மண்ணுக்கே உரிய பழமரங்களை, அவற்றின் கனியை நம்பி வாழும் ஜீவராசிகளை மனத்திற்கொண்டு நட்டு வளர்ப்பதைக் காட்டிலும் மலிவானதும் நிச்சயமானதுமான உபாயம் வேறொன்று இருப்பதாக எமக்குத் தோன்றவில்லை.

மரம் நடுவது நம் நாட்டுக்குப் புதிய விஷயமன்று. பாடசாலை விழாவென்றாலும் உத்தியோகத்தர் வருகையென்றாலும் ஒரு மரக்கன்று நடப்படாமற் போவதில்லை. ஆனால் எந்த மரத்தை நடுகிறோம், அதன் கிளையில் யார் வந்து உண்ணப் போகிறார்கள் என்ற கேள்வி கேட்கப்படுவது மிக அருமை. ஒல்லாந்தர் காலத்திலேயே இலங்கைக்கு வந்துவிட்ட தேக்கும், பின்னர் வந்த யூக்கலிப்ரசும், கடற்கரைக்கென்று கொண்டுவரப்பட்ட சவுக்கும், காசுக்கென்று பயிராகும் மரமுந்திரிகையும் நம் கண்ணுக்குப் பசுமையாகத் தோன்றுகின்றன. அவற்றுக்கு அவற்றின் பிரயோசனமும் உண்டு. ஆயினும் தேக்கின் விதையையோ சவுக்கின் காயையோ நாடி ஒரு குயிலும் வருவதில்லை, ஒரு கரடியும் ஏறுவதில்லை. தேக்கந்தோட்டத்தினுள்ளே கச்சான் காற்று வீசும் மாதங்களில் நடந்து பார்த்தவர்கள், காலின்கீழ் நொறுங்கும் சருகின் ஓசையைத் தவிர வேறு ஓசை அங்கே கேளாமையை அறிவார்கள்.

கிழக்கிலங்கையின் வறண்ட வலயத்துக்குச் சுபாவமான காடு எது என்று கேட்டால், தாவர சாஸ்திரிகள் மூன்று மரங்களைச் சேர்த்தே விடை சொல்வார்கள்: பாலை, வீரை, முதிரை. இவற்றுள் முதிரை தன் மரத்துக்காகப் பெயர் பெற்றது. முதலிரண்டும் கனிக்காக இக்காட்டின் உயிர்களால் போற்றப்படுவன. இவற்றோடு நாவல், கூழா, விளா, பனிச்சை, இலுப்பை, கொக்கட்டி, முரலி என்று உயர்ந்து வளர்வனவும், காரை, கிளா, சூரை, இலந்தை, ஈச்சு என்று தாழ்ந்து பற்றையாய்ப் படர்வனவும் கலந்து நிற்கின்றன. பேராதனைப் பூங்காவை நிர்வகித்த ஹென்றி திறைமன் 1893ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட இலங்கைத் தாவரநூலில் இம்மரங்களின் தமிழ்ப் பெயர்களையும் மரியாதையோடு எழுதிவைத்தார். காட்டோடு பழகிய ஜனங்களின் வாயிலிருந்து வந்த பெயர்கள் அவை. வாகரைப் பக்கத்து வேடர்களும் படுவான்கரை விவசாயிகளும் இன்றும் இப்பெயர்களாலேயே மரங்களை அழைக்கிறார்கள்.

பாலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். மழைக்காலத்தை அடுத்துப் பூத்து, நிலம் வெடித்துக் குளங்கள் வற்றும் ஆனி ஆடி மாதங்களிலே, பிற ஆகாரமெல்லாம் அருகிப்போன தருணத்தில், கிளை கொள்ளாதபடி மஞ்சள் நிறச் சிறு கனிகளைச் சொரிகின்றது இவ்விருட்சம். உதட்டிலே பிசின்போல ஒட்டும் பாலும், தேனையொத்த இனிப்பும் கொண்ட அக்கனியைச் சந்தையிற் குவித்து அளந்து விற்பதை மட்டக்களப்பார் அறியாதவர்களல்லர். கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் உகந்தையைக் கடந்து குமண, யால வனங்களினூடே போகும் காலமும் இதுவே. அவர்கள் தலைக்கு மேலே பழுத்திருக்கும் பாலையும் வீரையும் அக்காட்டின் விலங்குகளுக்கு அன்னசத்திரமாய் விளங்குகின்றன. கரடி பாலை மரத்தின் உச்சிக் கிளைவரை ஏறி, பழத்தில் மயங்கித் தன்னை மறந்து கிடப்பதைப் பார்ப்பதற்கென்றே யால, வில்பத்து வனங்களுக்கு அம்மாதங்களில் யாத்திரை செய்வோர் உளர். இலங்கைக் கரடி அருகிவரும் இனமாகக் கணிக்கப்பட்டிருப்பது. அது வருஷத்தின் வறண்ட பகுதியைத் தாண்டுவதில் இப்பழங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. பழத்தோடு விழுங்கிய விதைகளை அது பல கட்டை தூரம் சுமந்து சென்று எருவோடு இட்டுவிடுகின்றது. தாய்மரத்தின் நிழலிலே விழுந்த விதை பெரும்பாலும் பூச்சிக்கும் எலிக்கும் இரையாகும். அப்பாற் சென்ற விதைக்கே வாழ்வுண்டு.

பாலை வளரும் வேகமோ மிக மந்தம். நீரில் அமிழ்ந்துபோகும் அளவு கனத்த மரம் அது; பல தலைமுறை நிற்கும் உடம்பை ஒரு நாளில் கட்டிவிட முடியாதல்லவா? ஆகையால், தேக்கைப்போல வெட்டி விற்கும் வருஷத்தை எண்ணிக்கொண்டு பாலையை நடுபவர் ஏமாற்றமடைவார். ஆனால் ஒரு விசேஷம்: இந்தியாவில் சப்போட்டாவை ஒட்டுக்கட்டுவதற்கு அடிக்கன்றாகப் பாலைக் கன்றையே தேர்ந்தெடுக்கிறார்கள். வேர் ஆழமானது, வறட்சியையும் உவர் கலந்த மண்ணையும் தாங்குவது என்பதே காரணம். எங்கள் வாவிக்கரை மண்ணுக்கு இதைவிட ஏற்ற குணம் வேறென்ன வேண்டும்?

வீரையின் சங்கதி வேறு. அதில் ஆண்மரம் தனி, பெண்மரம் தனி. இதை அறியாமல், விழாவுக்கு அழகாக ஒற்றை வீரைக்கன்றை நட்டு வேலியடைத்துவிட்டால், அது எத்தனை ஆண்டு செழித்தாலும் காய்க்குமென்று நம்புவதற்கில்லை. ஐந்தாறு கன்றுகளைக் கூட்டமாக நடவேண்டும். பனிச்சையும் இவ்வியல்பே கொண்டது. நைலோன் வலை வருவதற்கு முன்னர் பனிச்சங்காயின் சாற்றிலே வலையைத் தோய்த்துப் பதப்படுத்தி, அது உவர்நீரில் இற்றுப்போகாமற் காத்துக்கொண்டார்கள் கரையோர மக்கள். அந்தத் தேவை ஒழிந்ததும் மரத்தின்மேல் இருந்த கரிசனையும் ஒழிந்தது. நீரோரத்தை விரும்பும் இம்மரம் தோணாக்களின் கரையிலும் ஆற்றோரங்களிலும் மறுபடி நிற்பதற்கு உரிமையுடையது.

கூழா தளிர்விடும்போது மரம் முழுவதும் செம்மை படர்ந்து நிற்பதையும், புளிப்பான அதன் பழத்தைச் சிறுவரும் குரங்கும் போட்டியிட்டுத் தின்பதையும் வர்ணிக்கப் புகுந்தால் கட்டுரை எல்லை கடந்துவிடும். இலுப்பையின் பூவுக்கு இரவில் வௌவால்கள் கூட்டமாய் வருகின்றன. நாவலுக்கு வராத பறவையில்லை. நீரோரக் கண்டற் காட்டில் நிற்கும் கிண்ணை மரத்தின் பூவும் இரவில் விரிந்து வௌவாலை எதிர்பார்ப்பதே. ஆகவே வாவியின் நீர் விளிம்பிலிருந்து மேட்டுக்காடு வரையில் ஒரே விருந்தாளிக்குப் பல வீடுகள் இருந்தன என்று கொள்ளலாம்.

ஆனால் பாலையும் வீரையும் நாவலும் கொடுப்பது வருஷத்தில் சில மாதங்கள் மாத்திரமே. மீதி மாதங்களைத் தாங்குவன ஆலும் அரசும் அத்தியும் இத்தியும். இவற்றின் பழத்தினுள்ளே வாழும் நுண்ணிய குளவி ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனி உண்டு. வெளிவந்த குளவியின் ஆயுள் ஒன்றிரண்டு நாள்; அதற்குள் அது தன் இனத்து மரம் ஒன்றில் பருவமான இளங்காயைக் கண்டடைய வேண்டும். ஆகவே எந்தக் காலத்திலும் எங்காவது ஒரு மரம் காய்த்துக்கொண்டே இருந்தாலன்றிக் குளவி வம்சமும் அழியும், மர வம்சமும் அழியும். இந்தச் சிறு பூச்சியின் அவசரத்தினால் காட்டில் எல்லா மாதத்திலும் ஆகாரம் கிடைக்கின்றது. வயல் நடுவே தனித்து நிற்கும் ஓர் ஆலமரத்தை வெட்டுகின்றவர், அப்பிரதேசத்துக் குக்குறுவானுக்கும் குயிலுக்கும் பஞ்சகாலத்துக் களஞ்சியத்தையே உடைக்கிறார்.

இவையெல்லாம் எவ்வாறு குறைந்தன என்பதற்கு ஒரே காரணத்தைச் சொல்ல இயலாது. குளங்கள் விரிந்தன, வயல்கள் பெருகின, சேனைக்கு எரியூட்டிய காடுகள் மறுபடி மரமாகும் அவகாசமின்றி மீண்டும் எரிந்தன. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் தேதி வீசிய சூறாவளி, மட்டக்களப்பு மாவட்டத் தென்னையில் பத்தில் ஒன்பது பங்கை, ஏறத்தாழ 28,000 ஏக்கரை, ஓர் இரவில் சாய்த்தது. காட்டு மரங்களும் அதற்குத் தப்பவில்லை. தென்னைக்கு மறுநடுகை நடந்தது. காட்டு மரத்துக்கு அது நடந்ததாக எவரும் பேசக் கேட்டிலோம். யுத்த காலத்திலே பாதுகாப்பின் பேரால் வீதியோரங்களிலும் வாவிக் கரையிலும் மரமும் பற்றையும் கண்டலும் வெட்டித் துப்புரவாக்கப்பட்டன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் தேதிய ஆழிப்பேரலை நாவலடியைத் துடைத்துச் சென்றபின், கரையைக் காப்பதற்கென்று சவுக்கு நடப்பட்டது. துயரத்தில் மூழ்கிய ஜனங்களுக்கு விரைவில் உயர்ந்து நிற்கும் மரம் ஓர் ஆறுதலாயிருந்ததைக் குறைசொல்ல எமக்கு மனம் வராது. ஆயினும் இருபது வருஷங்கள் கழிந்த இக்காலத்திலே, அச்சவுக்கின் ஊடே நாவலையும் ஈச்சையும் காரையையும் புகுத்துவதற்குத் தடையொன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

வறண்ட வலயத்திலே சீரழிந்த காட்டை மறுபடி எழுப்ப முடியுமா என்று ஐயுறுவோர் தம்புள்ளைக்குப் போய்ப் பார்க்கவேண்டும். தேயிலைத் தோட்டத் துரையாக இருந்த சாம் பொப்ஹாம் என்னும் ஆங்கிலேயர், சேனைப் பயிரினால் களைத்து முட்பற்றை மண்டிய நிலமொன்றை அங்கே 1963ஆம் ஆண்டில் வாங்கினார். முதலில் அவரும் எல்லோரையும்போலக் கன்றுகளைக் கொண்டுவந்து நட்டார். அவை வறட்சியில் மடிந்தன. நட்டவை மடிய, நடாதவை பற்றைக்குள்ளே தாமாக முளைத்து உயிரோடு நிற்பதை அவர் கவனித்தார். அக்கணத்தில் அவர் செய்த தீர்மானமே அவருடைய கீர்த்திக்குக் காரணம்: நடுவதைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, சுற்றியுள்ள முட்பற்றையை மாத்திரம் கவனமாக அகற்றி, தாமே முளைத்த பாலைக்கும் முதிரைக்கும் கருங்காலிக்கும் வெளிச்சமும் இடமும் உண்டாக்கிக் கொடுத்தார். மண்ணுக்குள் உறங்கிய பழைய வேர்களும், பறவை கொண்டுவந்த விதைகளும் மரமாயின. 1989ஆம் ஆண்டில் அவ்விடம் கண்டியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இன்று இரவில் விளக்கோடு செல்பவர்கள் அங்கே கிளைகளில் தேவாங்கைக் காண்கிறார்கள்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் நடவேண்டாம் என்பதன்று. பழைய வேரும் விதை தரும் தாய்மரமும் பக்கத்தில் உள்ள இடத்தில், அதாவது உறுகாமம், கரடியனாறு போன்ற காட்டோர நிலங்களில், பொப்ஹாமின் வழியே சிறந்தது. அங்கே கத்தி பிடிக்கத் தெரிந்த ஒரு மனிதர் நூறு கன்றுப் பைகளைக் காட்டிலும் அதிகம் சாதிப்பார். வேரும் அழிந்து விதையும் வராத வாவிக்கரை வெளிகளிலோ நட்டுத்தான் ஆகவேண்டும். அவ்விதம் நடுவதற்கும் ஒரு சாஸ்திரம் உண்டு. தாய்லாந்தில் சியாங்மாய்ப் பல்கலைக்கழகத்தார், மலைக்கிராமத்து மக்களோடு சேர்ந்து, விரைவில் நிழல் தந்து புல்லை அடக்குவனவும் இளவயதிலேயே பூத்துக் காய்த்துப் பறவைகளை அழைப்பனவுமான இருபது முப்பது உள்நாட்டு இனங்களைத் தேர்ந்து கலந்து நட்டார்கள். நடுமுன் ஏறத்தாழ 30 இனப் பறவைகளே காணப்பட்ட அந்நிலத்தில், ஆறு ஆண்டுகளில் 88 இனங்கள் கணக்கிடப்பட்டன. அப்பறவைகள் சும்மா வரவில்லை; அவர்கள் நடாத மரங்களின் விதைகளை வயிற்றிலே கொண்டுவந்தன. வங்காள விரிகுடாவின் அக்கரையிலே புதுச்சேரிக்கு அருகே ஓரோவில்வாசிகள், 1968ஆம் ஆண்டில் செம்மண் ஓடைகள் அரித்துக் கிடந்த வெளியொன்றில் குடியேறி, பின்னர் சோழமண்டலக் கரைக்கே உரிய வறண்ட பசுங்காட்டு இனங்களைத் தேடி வளர்த்தார்கள். அவர்கள் விதை தேடிச் சென்ற இடங்கள் பெரும்பாலும் கோயிற்காடுகள். அங்கே அவர்கள் கண்ட பாலையும் வீரையும் நம் படுவான்கரையில் நிற்கும் அதே பாலையும் வீரையுமே.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். பறவைக்கு இது நல்ல பழம், இது கெட்ட பழம் என்ற பேதமில்லை. 1826ஆம் ஆண்டில் அலங்காரச் செடியாகப் பேராதனைக்கு வந்த நாயுண்ணி இன்று நாடெங்கும் பற்றையாய்ப் பரவியிருப்பதற்கு நம் சின்னான் குருவிகளே காரணம். ஆகவே நட்டபின் முதல் மூன்று நான்கு மாரிகளிலாவது நாயுண்ணியைப் பிடுங்கியெறியும் கைகள் வேண்டும். அந்தப் பிரயாசைக்குப் பணமும் மனிதரும் ஒதுக்காத திட்டம், எத்தனை ஆயிரம் கன்றுகளை நட்டதாகக் கணக்குக் காட்டினும், அரைகுறையே.

யானையைப் பற்றியும் மறைக்காமல் பேசவேண்டும். 2023ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் 400க்கும் மேற்பட்ட யானைகளும் 150க்கும் மேற்பட்ட மனிதரும் ஒருவரையொருவர் எதிர்கொண்ட துயரத்தில் மாண்டார்கள். வெல்லாவெளி, போரதீவு, வவுணதீவுப் பக்கத்துக் குடும்பங்கள் இரவில் விழித்திருப்பது ஏன் என்று அவர்களைக் கேட்டால் தெரியும். விளாம்பழத்தை ஓட்டோடு விழுங்கி விதையைத் தூரத்தில் இட்டுச் செல்வது யானையே. ஆதலால் விளாவின் பரவலுக்கு அது பேருபகாரி. ஆனால் அந்த விளாவை ஊரின் வேலியோரத்தில் நட்டு யானைக்கு விருந்து வைப்பது ஜனங்களுக்கு இழைக்கும் அநீதியாகும். விளாவும் யானை விரும்பும் பிற மரங்களும் காட்டின் உட்புறத்தில், நீர்நிலையை அடுத்த வெட்டவெளிகளில் நடப்படட்டும்; அங்கே உணவு பெருகினால் ஊருக்கு வரும் தேவை ஓரளவேனும் குறையலாம். ஊரையும் வயலையும் அடுத்த இடங்களிலோ, பெரும்பாலும் பறவையும் வௌவாலும் நாடும் சிறுகனி மரங்களே தக்கன: காரை, கிளா, வீரை, கொக்கட்டி, இத்தி. மரத்தை அறிந்தவர் மாத்திரம் போதாது, அவ்வூரின் இரவை அறிந்தவரும் திட்டம் வகுப்போர் பக்கத்தில் அமரவேண்டும்.

கன்று வளர்ப்போர் கவனிக்கவேண்டியவை சில. நாவல் விதை உலர்ந்தால் செத்துவிடும். பழம் பொறுக்கிய சில நாட்களுக்குள் விதைக்க வேண்டும். ஒரு விதையிலிருந்தே இரண்டு மூன்று முளை எழுவதும் அதன் இயல்பு. பாலை விதையின் ஓடு தடித்தது, முளைக்கத் தாமதிக்கும். பொறுமையிழந்து மண்ணைக் கிளறிவிடலாகாது. சிறிய பையிலே நெடுநாள் வைத்த கன்றின் ஆணிவேர் சுருண்டுபோம், சுருண்ட வேர் கச்சானைத் தாங்காது. ஐப்பசியில் மழை தொடங்கியவுடன் நட்டால், வேர் ஆழம் செல்வதற்கு மூன்று நான்கு மாதங்கள் கிடைக்கும். தையில் நடுவது வீண் செலவு. மேய்ச்சல் மாடும் எருமையும் மலிந்த நம் பிரதேசத்தில் வேலியில்லாத கன்றுக்கு ஆயுள் குறைவு. கம்பி வேலிக்குப் பணமில்லாதவர்கள் சூரை முள்ளையோ ஈச்ச மட்டையையோ சுற்றிவரக் கட்டலாம். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்து விவசாய பீட மாணவர்கள், எந்த மரம் எந்த மாதத்தில் பூக்கிறது, எந்தப் பறவை வருகிறது என்று வருஷந்தோறும் குறித்து வைப்பார்களானால், அக்குறிப்பேடு பின்வரும் நடுகைக்கெல்லாம் ஆதாரமாகும்.

விதைக்கு எங்கே போவது? தாய்மரங்கள் இன்னும் இருக்கின்றன. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலின் வரலாறு, தேனெடுக்கக் காட்டுக்கு வந்த வேடன் ஒருவன் கொக்கட்டி மரத்தடியிலே லிங்கத்தைக் கண்டதிலிருந்து தொடங்குகின்றது. ஈசுவரன் வெளிப்பட்ட இடமே ஒரு காட்டு மரத்தின் அடி. கண்ணகி அம்மன் கோயில்களும் பிள்ளையார் கோயில்களும் வாவியின் இரு கரையிலும் தம்மைச் சுற்றிப் பழைய மரங்களைக் காத்து நிற்கின்றன. குளக்கட்டுகளிலும் வயல் மேடுகளிலும் தனித்தனியே பாலையும் ஆலும் எஞ்சியுள்ளன. ஆலய பரிபாலன சபையார் தங்கள் வளவிலுள்ள மரங்களை எண்ணிப் பெயரெழுதி, கொங்கிறீற்றுத் தளம் போடுவதற்காக அவற்றின் வேரை வெட்டுவதை நிறுத்தி, ஆடி மாதத்தில் உதிரும் பழத்தைக் கூட்டி எறியாமல் ஊர்ப் பாடசாலைக்குக் கொடுத்தால், நாற்றுமேடைக்கு வேண்டிய முதல் கிடைத்துவிடும். எழுவான்கரையில் பத்துப் பேர்ச் வளவுடையவரும் வேலியோரத்தில் ஒரு காரையும் மூலையில் ஒரு நாவலும் வைத்துக்கொள்ளலாம். அங்கே காடு வளராது, ஆயினும் வாவியைக் கடக்கும் பறவை இறங்கித் தங்க ஒரு படி அமையும். பாலை விதை இந்த ஆடியிலேயே கோயில் வீதிகளில் உதிர்ந்து கிடக்கும். அதைப் பொறுக்கிக் கழுவி நிழலில் விதைப்பவர் வருகிற ஆண்டின் ஐப்பசி மழைக்கு நடக்கூடிய கன்றை உடையவராயிருப்பார்.